வாசகர் கேள்வி – பதில்: இரட்டையருக்கு ஒரே வேலைதானா?

கேள்வி: நானும் என் தங்கையும் இரட்டையர், நான் ஆறு நிமிடம் மூத்தவள். பட்டப்படிப்பை முடித்துப் பெருநகருக்கு வந்து ஓராண்டு ஆகிறது. வணிக வளாகத்தில் கரடி உடைக்குள் நின்று குழந்தைகளுக்குக் கையசைப்பது, வாடிக்கையாளரைப் போலக் கடைக்குச் சென்று அங்குள்ள சேவையைக் கவனித்து அறிக்கை எழுதுவது, படப்பிடிப்பில் கூட்டத்தோடு நிற்பது என எல்லாவற்றையும் சேர்ந்தே செய்து பார்த்தோம். இப்போது ஒரு குரல்பதிவுக் கூடம் தங்கையை மட்டும் அழைத்திருக்கிறது. எனக்காக அவள் தயங்குகிறாள். நான் என்ன சொல்வது? — ஒரு வாசகி

பதில்: “போய் வா” என்று இன்றே சொல்லிவிடுங்கள். உள்ளே சிறிது வருத்தம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இதை நான் வலியுறுத்துவதற்கு, உங்கள் கடிதத்தைப் படித்ததும் நினைவுக்கு வந்த இரட்டைச் சகோதரியர் இருவரே காரணம்.

1918 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், சூ சிட்டி என்னும் ஊரில் பிறந்த எஸ்தர் பாலினும் பாலின் எஸ்தரும் (பெயரைக்கூடப் பெற்றோர் முன்பின்னாக மாற்றித்தான் வைத்தார்கள்) ஒரே கல்லூரியில் படித்து, அதன் இதழில் சேர்ந்து எழுதி, 1939-ல் ஒரே நாளில் மணம் முடித்தவர்கள். 1955-ல் எஸ்தர், சிகாகோ நாளிதழ் ஒன்றில் ‘ஆன் லேண்டர்ஸ்’ என்ற பெயரில் வாசகர்களின் சொந்தச் சிக்கல்களுக்குப் பதில் எழுதும் பொறுப்பை ஏற்றார்; அடுத்த ஆண்டிலேயே பாலினும் சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்றில் ‘டியர் அபி’ என்று அதே பணியைத் தொடங்கினார். இரண்டு பத்திகளும் நாடெங்கும் படிக்கப்பட்டன. ஆனால் ஊரார் வீட்டுப் பிணக்குகளைத் தீர்த்துவைத்த அந்த இருவரும் சில ஆண்டுகள் தமக்குள் பிணங்கியிருந்து, பிறகே மீண்டும் சேர்ந்தார்கள். இதே பணியைச் செய்பவன் என்பதால், அந்த இடைவெளியை என்னால் வருத்தமின்றி நினைக்க முடிவதில்லை.

தங்கைக்கு அழைப்பு வந்த கூடத்திலேயே நீங்களும் உடனடியாக இடம் கேட்க வேண்டாம். அவள் அங்கே தன் பெயரால் அறியப்படச் சில மாதங்களாவது ஆகும். ஒரே வீட்டில் இருங்கள், வாடகையைப் பகிருங்கள், வேலையை மட்டும் தனித்தனியே தேடுங்கள். அந்தக் கடை அறிக்கைகளை எழுதியவர் யார் என்று கடிதத்தில் இல்லை. நீங்கள்தான் என்றால், பார்த்ததைத் துல்லியமாக எழுதும் திறமை உங்களிடம் இருக்கிறது. ஆய்வு நிறுவனங்களிலும் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுகளிலும் அதற்குத் தேவை உண்டு. அந்த அறிக்கைகளில் கடைப் பெயர்களை நீக்கி, இரண்டு மூன்றை மாதிரியாக எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: இரட்டையர் என்பதற்காகவே தரப்படும் வேலைகள் உண்டா? — மற்றொரு வாசகர்

பதில்: உண்டு. 1987-ல் தொடங்கிய ‘ஃபுல் ஹவுஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ஒரே குழந்தையின் வேடத்தை மேரி-கேட், ஆஷ்லி ஓல்சன் என்ற இரட்டையர் மாறி மாறி ஏற்றார்கள். ஒரு குழந்தை நாளொன்றுக்கு இத்தனை நேரம்தான் நடிக்கலாம் என்று சட்டம் வரம்பு விதித்திருந்ததே காரணம். விளம்பரங்களிலும் இரட்டையரைத் தேடி அழைப்பதுண்டு. அப்படி அழைப்பு வந்தால், இருவர் பெயரிலும் தனித்தனி ஒப்பந்தமும் தனித்தனி ஊதியமும் கேளுங்கள். ஒருவர் விலகினால் மற்றவரின் நிலை என்ன என்பதையும் கையெழுத்திடும் முன் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.