மூன்று சர்வருக்கு எத்தனை கோர் லைசென்ஸ்? திருவாரூர் நண்பருக்கு

வணக்கம் சார். ஆலையில் மூன்று சர்வர், அவற்றுக்கிடையே நகரும் மூன்று விர்ச்சுவல் மெஷின் (சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கிய கணினி), ஒவ்வொன்றிலும் மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சர்வர் 2022 ஸ்டாண்டர்ட், இரண்டிரண்டு கோர் (செயலியின் கணக்கிடும் அலகு). 6 கோர் லைசென்ஸ் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குக் குறைந்தது 4 கோர் லைசென்ஸ் என்பது மைக்ரோசாஃப்ட் விதி. ஆக 12 வேண்டும்.

அதைவிட முக்கியம் மெஷின் நகர்வது. 2022 பதிப்பில் மெஷின் கணக்கில் லைசென்ஸ் எடுக்க சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸோ (லைசென்ஸுடன் கூடுதலாக வாங்கும் மைக்ரோசாஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம்) சந்தாவோ கட்டாயம். அது இருந்தால் ஒரே சர்வர் ஃபார்முக்குள் (உங்கள் மூன்று சர்வர் போன்ற தொகுப்புக்குள்) எத்தனை முறை நகர்ந்தாலும் சரி. இல்லாவிட்டால் ஒரு சர்வருக்கு ஒதுக்கிய லைசென்ஸை 90 நாளுக்கு ஒருமுறைதான் மாற்றலாம். சர்வர் நிரந்தரமாகப் பழுதானால் மட்டும் விலக்கு. நம்ம பக்கம் கரண்ட் போய்ப் போய் வரும்போது மெஷின் தானாகவே வேறு சர்வருக்குத் தாவும். அதனால் அஷ்யூரன்ஸ் அல்லது சந்தா விஷயத்தில் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள்.

செலவைக் குறைக்க வேறு வழி உண்டு. மூன்று தரவுத்தளத்தையும் 4 கோர் உள்ள ஒரே மெஷினில் சேர்த்துவிடுங்கள். இரண்டு கோருக்கான லைசென்ஸ் அடங்கிய பேக் இரண்டு வாங்கினால் முடிந்தது. குறுவை அறுவடையில் நெல் வரத்து கூடி வேகம் குறைந்தால், கோரைக் கூட்டும் முன்பே அதற்கும் லைசென்ஸ் எடுத்துவிடுங்கள். அப்புறம், எடைமேடைத் தரவுத்தளம் 10 ஜிபிக்குள் இருந்தால் அதற்கு இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பே தாராளம்.