அப்பாவுக்கு யார் சொல்வது?

கேள்வி: நான் வேளாண்மை முதுகலை இறுதியாண்டு மாணவி. வேப்பிலைச் சாறு நிலக்கடலையில் டிக்கா இலைப்புள்ளி நோயைக் கட்டுப்படுத்தும் என்பது என் ஆய்வின் கருதுகோள். ஆய்வகத் தட்டில் பூஞ்சை அடங்கியது. வயலிலோ சாறு தெளித்த பாத்திக்கும் வெறும் தண்ணீர் தெளித்த பாத்திக்கும் வித்தியாசமே இல்லை. மூன்றாவது ரெப்ளிகேஷனை (அதே சோதனையை மூன்றாம் முறையாகச் செய்த பாத்திகளை) விட்டுவிட்டால் வித்தியாசம் கொஞ்சம் தெரிகிறது. நான் சொன்னதை நம்பி அப்பாவும் ஊரில் இதைத்தான் தெளிக்கிறார். ஆய்வேட்டை எப்படி முடிப்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மகளே, மூன்றாவது ரெப்ளிகேஷனில் கை வைக்காதே. முடிவுக்கு ஏற்றபடி கருதுகோளைத் திருத்தி எழுதவும் செய்யாதே. தட்டில் அடங்கிய பூஞ்சை வயலில் ஏன் அடங்கவில்லை? சாற்றை மழை கழுவியதா, வெயிலில் வீரியம் போனதா, நோய் ஏறிய பிறகு தெளித்தாயா? அதை எழுது. 1887-இல் மைக்கேல்சன், மார்லி என்ற இரண்டு விஞ்ஞானிகள், ஒளி பரவ உதவுவதாக அப்போது நம்பப்பட்ட ஈதர் என்ற ஊடகத்தைத் தேடிச் சோதனை செய்தார்கள். எதிர்பார்த்த மாற்றம் தெரியவில்லை. தெரியவில்லை என்றே வெளியிட்டார்கள். ஆய்வேட்டுக்கு இவ்வளவு போதும்.

அப்பாவை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டாயே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. உன் பாத்தியில் விளைச்சல் போனால் அட்டவணையில் ஓர் எண் குறையும். அவர் காட்டில் காய் திரளும் நேரத்தில் இலை கொட்டினால் அந்தப் போகமே அடிபடும். இது உனக்குப் பாடத்திலேயே இருக்கிறது. சோதனை முடிவதற்கு முன்பே இது கேட்கும் என்று அவரிடம் சொல்லத் தெரிந்த உனக்கு, கேட்கவில்லை என்று தெரிந்த பிறகு ஒரு போன் போடத் தெரியவில்லையா? கைடிடம் சொல்லத் தயங்கினால்கூட ஏதோ பயம் என்று விடலாம். பெற்றவரிடம் என்ன தயக்கம்? படித்த மகள் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பித் தெளிக்கிறார். அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு நீ சும்மா இருப்பது எனக்குத் துரோகமாகவே படுகிறது.

இன்று ராத்திரியே பேசு. "அப்பா, நான் சொன்ன மருந்து கேட்கலை, தெளிக்கிறதை நிறுத்துங்க" என்று நேராகச் சொல். திட்டினால் கேட்டுக்கொள். செடியின் அடி இலைகளைத் திருப்பிப் பார்க்கச் சொல். மேல்புறம் மஞ்சள் வளையத்தோடு பழுப்புப் புள்ளியா, அடிப்புறம் கறுத்த புள்ளியா என்று கேள். நாளைக் காலையில் ஊருக்குப் போய், புள்ளி விழுந்த நாலு இலையோடு அப்பாவை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு நீயே கூட்டிப் போ. கைடை அப்புறம் பார்க்கலாம்.