தொட்டுப் பார்த்தல் – கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

கோவையில் என் அப்பாவும் சித்தப்பாவும் பழைய லேத் (கடைசல் மெஷின்), டிரில்லிங் மெஷின், மோட்டார், ஸ்பேர்ஸ் வாங்கி விற்கும் கடை வைத்திருந்தார்கள். அப்பா காலமானபின் கடையை மூடிவிட்டோம். அந்த நினைவுகளை எழுதிக்கொண்டிருக்கிறேன், முதல் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன். கொங்கு வழக்கில் எழுதுவதா, பொதுத்தமிழிலா என்று குழப்பமாக இருக்கிறது. குடோனில் மீதிச் சரக்கு கிடக்கிறது. மாதக்கடைசிக்குள் எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார் சித்தப்பா.

ர.

அன்புள்ள ர.,

அத்தியாயத்தைப் படித்தேன். அப்பாமேல் உங்களுக்குள்ள பிரியம் வரிக்கு வரி தெரிகிறது. எனக்குக் கோபம் வந்ததும் அதனால்தான். ஆயில் வாசனை என்று ஏழு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், எந்த ஆயில் என்று ஓரிடத்திலும் இல்லை. லேத்தின் கியர்கள் இருக்கும் ஹெட்ஸ்டாக்கில் ஊற்றும் 68 நம்பர் ஆயிலுக்கும், தண்ணீரில் பால்போலக் கலக்கி நாலு நாள் விட்டால் புளித்து நாறும் கட்டிங் ஆயிலுக்கும் ஒரே வாசனையா?

6205 பேரிங்கை ‘62 மில்லி பேரிங்’ என்று எழுதியிருப்பதைத் திருத்திவிடுங்கள். கடைசி இரண்டு இலக்கத்தை 5ஆல் பெருக்கினால் உள்விட்டம், அதாவது 25 மி.மீ. வெளிவிட்டம் 52, அகலம் 15. இந்தப் பெருக்கல் 04இலிருந்துதான் செல்லும். 00, 01, 02, 03 என்றால் 10, 12, 15, 17. ஸ்பேர்ஸ் கடைப் பையன் முதல் வாரத்தில் கற்கும் பாடம் இது. போகட்டும்.

என்னை நிறுத்தியது இந்த வரி: ‘அப்பா மெஷின்மேல் கைவைப்பார், அவ்வளவுதான், அதன் ஜாதகத்தையே சொல்லிவிடுவார். மந்திரம் போல.’ தொழிலாளியின் கையை இப்படி மந்திரமாக்கி ஒதுக்கிவிடும் வழக்கத்தைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துவந்தேன். கும்பிடுவதுபோல் கும்பிட்டு, அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்ற கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறோம். அவர் கை எங்கே போயிற்று என்று ஒருநாளாவது கவனித்தீர்களா?

பழைய லேத்தில் முதலில் கை போகவேண்டிய இடம் பெட், அதாவது மற்றதெல்லாம் உட்காரும் நீள அடித்தளம். டூலைச் சுமந்து பெட்மேல் நகரும் சேடில், கடையும் துண்டைப் பிடித்துச் சுழலும் சக்கை ஒட்டித்தான் பெரும்பாலும் ஓடும், ஆகவே தேய்மானமும் அங்கேதான். சேடில் எட்டாத ஓரம் மட்டும் புதிதாகவே நிற்கும். தேய்ந்த இடத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நகத்தை இழுத்தால் ஒரு படி தட்டும். பம்ப்செட் வார்ப்புகளைக் கடைந்த மெஷின் என்றால் இன்னும் மோசம். வார்ப்பின் தோலில் ஒட்டியிருக்கும் மணல் பெட்டில் கொட்டி, சேடிலுக்கு அடியில் உப்புத்தாள் வேலை செய்யும். சேடிலின் நுனியில் துடைக்கும் ஃபெல்ட் இல்லாவிட்டால் சொல்லவே வேண்டாம்.

அடுத்தது சேடிலின் கைச்சக்கரம். சேடிலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் ஜிப் பட்டையை விற்கிறவன் தளர்த்தி வைத்திருப்பான், ஆகவே எல்லா இடத்திலும் வெண்ணெயாக ஓடும். வாங்குகிறவன் சேடிலைச் சக் பக்கம் கொண்டுவந்து, லேசாக இறுக்கம் தெரிகிறவரை ஜிப்பை முறுக்கி, பிறகு எதிர்முனையிலுள்ள டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்தவேண்டும். பாதிவழியில் இறுகிப் பிடித்துக்கொண்டால் பெட் போய்விட்டது. புதுப் பெயின்ட் பளபளப்பதெல்லாம் இதற்குப் பிறகு பார்க்கலாம்.

டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு கைப்பிடியை முன்னும் பின்னும் அசைத்தால் கால் சுற்றோ அரைச் சுற்றோ சும்மா போகும். பழக்கமில்லாதவர்கள் பயந்து விலையைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போடுவது இதற்குத்தான். பெரும்பாலும் தேய்ந்திருப்பது உள்ளேயுள்ள கன்மெட்டல் நட்டு, அதைக் கடைந்து மாற்றிவிடலாம். பெட் அப்படியல்ல. கிரைண்டிங் போட்டால் சேடில் கீழே இறங்கும், இறங்கினால், மரை வெட்டும்போது சேடிலை இழுக்கும் லீட் ஸ்க்ரூவோடு நேர்க்கோடு தவறும். சேடிலின் அடியில் டர்சைட் என்ற பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி, நீலமை தடவி, மேடு தெரிகிற இடத்தை ஸ்க்ரேப்பரால் சுரண்டிச் சுரண்டி உயரத்தை மீட்கவேண்டும். அந்தச் செலவில் லேத்தின் லாபமே போய்விடும். உங்கள் அப்பா நட்டு ஆட்டத்தைப் பார்த்துச் சிரித்ததையும், பெட்டைத் தடவிவிட்டுப் பேசாமல் நின்றதையும் எழுதியிருக்கிறீர்கள். ஏன் என்றுதான் எழுதவில்லை.

கை சொன்னதை டூல் வைத்துச் சரிபார்க்கவும் வேண்டும். முதலில் லெவல் பார்க்கவேண்டும், பெட் முறுக்கிக்கொண்டிருந்தால் நல்ல மெஷினும் ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்து டேப்பர்தான் அடிக்கும். அரைமணி நேரம் ஓடவிட்டு, சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் பேரிங் பக்கம் சூடு ஏறுகிறதா என்று பார்க்கவேண்டும். சத்தம் மட்டும் நம்பிக்கையில்லை, கெட்டிக் கிரீஸை அடைத்துக் கியர் சத்தத்தை அமுக்குகிறவர்கள் உண்டு. பிறகு தடிமனான ராடைச் சக்கில் பிடித்து, 150 மி.மீ. வெளியே நீட்டி, டெயில்ஸ்டாக்கால் முட்டுக்கொடுக்காமல், இரண்டு முனையிலும் மெல்லிய கட் வைத்து மைக்ரோமீட்டரால் அளக்கவேண்டும். 0.02 மி.மீ.க்குள் வித்தியாசம் என்றால் பொதுவேலைக்கு வாங்கலாம். டூல் 0.03 விலகினால் விட்டத்தில் 0.06 ஏறும் என்பதை மறக்கக்கூடாது.

இனி குடோன். எடைக்குப் போடப்போகிறீர்களாமே, அந்தக் குவியலில் கழற்றிப்போட்ட சேஞ்ச் கியர்கள் (மரைக்குத் தக்கபடி மாற்றிப் போடுபவை) இருக்கிறதா என்று பார்த்தீர்களா? இரும்புக்கடைக்காரனுக்கு அது வெறும் வார்ப்பு. அங்குல லீட் ஸ்க்ரூ உள்ள பழைய லேத் வைத்திருப்பவனுக்கு அதில்லாமல் மில்லிமீட்டர் மரை வெட்டமுடியாது. முக்கியமாக 127 பல் கியர். ஓர் அங்குலம் 25.4 மி.மீ., ஐந்தால் பெருக்கினால் 127. பகா எண் என்பதால் அதைவிடச் சின்ன கியர்களைச் சேர்த்து அந்த விகிதத்தைத் துல்லியமாகக் கொண்டுவர வழியில்லை. 63 பல்லை வைத்து ஒப்பேற்றுவார்கள். மீட்டருக்கு 0.125 மி.மீ. பிசகும், போல்ட்டுக்குப் போதும்.

ஒவ்வொரு கியரிலும் பல்லை எண்ணி, வெளிவிட்டத்தை அளந்து, அதைப் பல் எண்ணிக்கையோடு 2 கூட்டிய எண்ணால் வகுங்கள். 40 பல், 84 மி.மீ. என்றால் மாடுல், அதாவது பல்லின் அளவு, 2. அதே 40 பல்லுக்கு 88.9 மி.மீ. வந்தால் அது அங்குலக் கணக்கில் செய்த 12 டிபி, மாடுல் கியரோடு சேராது. இரண்டையும் ஒரே சாக்கில் போட்டு ‘செட்’ என்று விற்றால் வாங்கியவன் திரும்பி வந்து திட்டுவான், நியாயமாகவே. கண்டுபிடித்ததைக் கியரின் மேலேயே பெயின்ட்டில் எழுதிவிடுங்கள். சாக்பீஸ் ஆயிலில் அழிந்துவிடும்.

வழக்கு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அப்பா ‘ஆட்டம்’ என்றாரா, ‘பிளே’ என்றாரா? அவர் சொன்னதை எழுதுங்கள், மீதி எந்தத் தமிழாக இருந்தால் என்ன.

சித்தப்பாவை இன்னும் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். பல் எண்ணும்போது அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள், எந்தக் கியர் எந்த மெஷினில் இருந்தது என்று அவருக்குத்தான் தெரியும்.