கொண்டை ஊசி வளைவு

அன்புள்ள சார்,

சென்ற வாரம் கால்பந்து கோச்சுகளைப் பற்றி எழுதும்போது, போகிற போக்கில் ரொபெர்த்தோ டொனடோனியை "இத்தாலியின் அருமையான விங்கர், மதிக்க வேண்டிய கோச்" என்று குறிப்பிட்டிருந்தீர்கள். முதல் பாதி சரி. இரண்டாவது பாதி எனக்கு ஒப்பவில்லை. 1990 உலகக் கோப்பை அரையிறுதியில் பெனால்டியைக் கோட்டை விட்டவர் அவர். 2008 யூரோ கோப்பையில் இத்தாலியின் கோச்சாக இருந்தும் பெனால்டியில்தான் தோற்றார். கோச்சாக ஒரு கோப்பை கூட இல்லை. போன இடத்திலெல்லாம் வேலையை விட்டு அனுப்பினார்கள். பெரிய ஆட்டக்காரர்கள் நல்ல கோச் ஆக மாட்டார்கள் என்பதற்கு இவரே உதாரணம் இல்லையா?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

நீங்கள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. உங்கள் பட்டியலில் நானே இரண்டு சேர்க்கிறேன். 2003இல் ஜெனோவா கிளப் அவரை மூன்றே லீக் ஆட்டங்களில் அனுப்பிவிட்டது. 2011இல் காலியரி இன்னும் ஒரு படி மேலே போய், சீசன் தொடங்கும் முன்பே அனுப்பியது. வக்கீல் வேலை பார்க்க நான் வரவில்லை. ஆனால் "பெனால்டி, கோப்பை" என்று இரண்டே கட்டம் போட்டு அவரை எடை போடுகிறீர்கள். அவர் ஆடிய ஆட்டத்தில் பாதி இந்த இரண்டு கட்டத்துக்கும் வெளியே நடந்தது.

இத்தாலியர்கள் அவரைப் போன்ற விங்கருக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: தோர்னான்தே. திரும்பி வருகிறவன் என்று அர்த்தம். எல்லைக்கோட்டை ஒட்டி மேலே ஓடி கிராஸ் போட்டுவிட்டு அங்கேயே இடுப்பில் கை வைத்து நிற்கக் கூடாது. பந்து பறிபோன மறுநொடி கீழே ஓடி வந்து தன் பக்கத்து டிஃபெண்டருக்குத் துணை நிற்க வேண்டும். அதே சொல்தான் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுக்கும். டொனடோனி 1963இல் பிறந்த சிசானோ, பெர்கமோ மாவட்டத்தில் சமவெளி முடிந்து மலை ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது. இது தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

அட்லாண்டாவில் ஆடிக்கொண்டிருந்தவரை 1986இல் மிலன் வாங்கியது. தொழிலதிபர் பெர்லுஸ்கோனி கிளப்பைக் கையில் எடுத்ததும் வந்து சேர்ந்த முதல் பெரிய வரவுகளில் ஒருவர். அடுத்த வருடம் சாக்கி கோச்சாக வந்தார். கடைசி டிஃபெண்டருக்கும் முன்னால் நிற்கும் ஸ்டிரைக்கருக்கும் நடுவே 25, 30 மீட்டருக்கு மேல் இடைவெளி விழக் கூடாது என்பது சாக்கியின் சட்டம். பதினொரு பேரும் ஒரே போர்வைக்குள் இருப்பது போல நகர வேண்டும். குல்லிட்டும் வான் பாஸ்டனும் கோல் அடித்தார்கள், பரேசியும் மால்தினியும் தடுத்தார்கள், அதெல்லாம் ஊருக்கே தெரியும். போர்வை ஓரத்தில் கிழியாமல் பார்த்துக்கொண்டது டொனடோனி. மிலனில் இரண்டு முறையாக ஆடி ஆறு லீக் பட்டம், மூன்று ஐரோப்பியக் கோப்பை (கிளப்புகளுக்கானது, இன்றைய சாம்பியன்ஸ் லீக்).

அந்த முதல் ஐரோப்பியக் கோப்பை கிட்டத்தட்ட அவர் உயிரையே கேட்டது. 1988 நவம்பர், பெல்கிரேட். அந்த ஊர் கிளப்பான ரெட் ஸ்டார் 1-0 என்று முன்னிலையில் இருக்கும்போது பனிமூட்டம் இறங்கி, ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். மறுநாள் முதலிலிருந்து ஆடச் சொன்னார்கள். அந்த மறு ஆட்டத்தில் மோதல் ஒன்றில் டொனடோனி அடிபட்டு, நினைவிழந்து, உடம்பு வெட்டி இழுக்க, மூச்சு விட முடியாமல் கிடந்தார். எதிரணி மருத்துவர்தான் தாடையை உடைத்து மூச்சுக்கு வழி செய்தார் என்று அன்றிலிருந்து சொல்லிவருகிறார்கள். ஆட்டம் 1-1. மிலன் பெனால்டியில் ஜெயித்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. அதே சீசனில் திரும்பி வந்து, ஏப்ரலில் ரியால் மாட்ரிட்டை 5-0 என்று மிலன் நொறுக்கிய அரையிறுதியில் ஐந்தாவது கோலை அடித்தார்.

இப்போது உங்கள் பெனால்டிக்கு வருவோம். 1990 ஜூலை 3, இத்தாலியின் நேபிள்ஸ் நகரம், எதிரில் அர்ஜென்டினா. நம்மூரில் நள்ளிரவைத் தாண்டியிருந்தது. பக்கத்து வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்த எங்களில் பாதிப் பேர் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள். பெனால்டியில் 3-3 என்று இருக்கும்போது டொனடோனி அடித்தார், அர்ஜென்டினா கோல்கீப்பர் கொய்கொச்சியா பிடித்தார். அடுத்து வந்தவர் மரடோனா, தன் சொந்தக் கிளப்பின் மைதானத்தில். கோல். அதற்கடுத்த செரேனாவின் பந்தையும் கொய்கொச்சியா தடுத்தார், கதை முடிந்தது. செரேனாவை யாரும் இவ்வளவு திட்டுவதில்லை, கவனித்தீர்களா? நீங்களும் எழுதவில்லை.

2008இல் நடந்ததையும் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். 2006 உலகக் கோப்பையை ஜெயித்துக் கொடுத்துவிட்டு கோச் லிப்பி போன பிறகு, அந்த நாற்காலியில் உட்கார யாருக்குத் துணிச்சல் வரும்? டொனடோனி உட்கார்ந்தார். பிரான்ஸும் ஸ்காட்லாந்தும் உக்ரைனும் இருந்த தகுதிச் சுற்றுப் பிரிவில் முதலிடம். யூரோ தொடங்கும் முன் பயிற்சியிலேயே கேப்டன் கன்னவாரோவுக்கு அடி. நெதர்லாந்திடம் 3-0 என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்கள், அதற்குச் சமாதானம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. பிறகு பிரான்ஸை 2-0 என்று வென்று கால் இறுதி. எதிரில் ஸ்பெயின். மஞ்சள் அட்டையால் பிர்லோவும் கத்தூசோவும் வெளியே. அந்த இரண்டு பேர் இல்லாமல் 120 நிமிடம் 0-0 என்று நின்று, பெனால்டியில் தோற்று, நான்கு நாளில் வேலை போயிற்று. அந்த ஸ்பெயின்தான் கோப்பையைத் தூக்கியது. லிப்பி திரும்பி வந்தார். 2010 உலகக் கோப்பையில் இத்தாலி முதல் சுற்றையே தாண்டவில்லை.

கோச்சாக இருந்தபோது ஒரு முறை பெனால்டி அவர் பக்கம் சாய்ந்தது. அது இன்னும் மோசம். 2014 மே, சீசனின் கடைசி நாள். அவர் கோச்சாக இருந்த பார்மா கிளப் தன் வேலையை முடித்து லிவோர்னோவை 2-0 என்று வென்றது. ஆனால் ஆறாவது இடம் கிடைக்க டொரினோ ஜெயிக்காமல் இருக்க வேண்டும். ஃபியோரென்டினாவுக்கு எதிராக 2-2 என்று இருக்கும்போது, 90 நிமிடம் தாண்டிச் சேர்த்த கடைசி நிமிடங்களில் டொரினோவுக்கு ஒரு பெனால்டி. செர்ச்சி அடித்தார், போகவில்லை. அழுதுகொண்டே மைதானத்தை விட்டுப் போனார். அவரும் ஒரு விங்கர்! பார்மாவுக்கு ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூரோப்பா லீக்கில் இடம். அதைச் சில நாள் கூடக் கொண்டாடியிருக்க மாட்டார்கள், வருமான வரி பாக்கியை நேரத்துக்குக் கட்டவில்லை என்று உரிமம் மறுத்து, அந்த இடத்தை டொரினோவுக்கே கொடுத்துவிட்டார்கள். வருடம் முழுக்க உழைத்துச் சேர்த்ததை ஆபீஸ் மேஜையில் தொலைத்தார்கள்.

அடுத்த சீசன்தான், 2014-15, நான் அவரை மதிக்கக் காரணம். தரவரிசையில் பார்த்தால் பார்மா கடைசி இடம், இருபதாவது. ஆட்டக்காரர்களுக்கு மாதக் கணக்காகச் சம்பளம் இல்லை. ஒரே குளிர்காலத்துக்குள் கிளப் இரண்டு முறை கை மாறியது. பிப்ரவரியில் வாங்கியவர் கொடுத்த விலை ஒரு யூரோ. மார்ச்சில் அவரையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது, மறுநாள் கோர்ட் கிளப்பை திவால் என்று அறிவித்தது. நடுவில் உதினேஸேயுடன் நடக்க வேண்டிய ஒரு ஆட்டத்தைத் தள்ளி வைத்தார்கள். காரணம் மழையோ பனியோ இல்லை, கேட்டில் நிற்கும் காவலர்களுக்குக் கூலி கொடுக்கக் காசில்லை. ஆடிவிட்டு வந்தவர்கள் ஜெர்சியைத் தாங்களே துவைத்துக்கொண்டார்கள் என்று அன்றைய செய்திகளில் வந்தது.

இந்த நிலையில் ஒரு கோச் காலையில் பயிற்சிக்கு வந்து என்ன சொல்வார்? சம்பளம் வராத ஆளிடம் "இன்னும் வேகமாக ஓடு" என்று எந்த வாயால் சொல்வது? 2006இல் அவர் கோச்சாக இருந்த லிவோர்னோ ஆறாவது இடத்தில் இருக்கும்போதே, கிளப் தலைவர் வெளிப்படையாகக் குறை சொன்னார் என்று ராஜினாமா செய்தவர் டொனடோனி. ரோஷக்காரர். பார்மாவில் ராஜினாமா செய்ய ஆயிரம் காரணம் இருந்தது. செய்யவில்லை.

நவம்பரில் ஜுவெண்டஸ் பார்மாவை 7-0 என்று அடித்திருந்தது. ஏப்ரல் 11 அன்று அதே ஜுவெண்டஸ், அந்த வருடம் லீக் பட்டத்தையும் வென்று சாம்பியன்ஸ் லீக் இறுதி வரை போன அணி, பார்மாவுக்கு வந்தது. ஹொசே மௌரி என்ற பதினெட்டு வயதுப் பையன் ஒரு கோல் அடித்தான். 1-0. திவாலான கிளப் சாம்பியனை ஜெயித்தது. அதற்கு மூன்று நாள் முன்னால்தான், தள்ளிப்போன அந்த உதினேஸே ஆட்டத்தையும் ஜெயித்திருந்தார்கள். எதற்காக ஆடினார்கள் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. ஆடினார்கள், அவ்வளவுதான். வாங்க ஆள் வராமல் கிளப் நான்காம் டிவிஷனுக்குப் போனது. கேப்டன் லூக்கரெல்லி கூடவே போய், மூன்றே வருடத்தில் அணியை மேலே கொண்டுவந்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றார்.

சரி, அவருடைய குறையும் சொல்லிவிடுகிறேன். பிறகு மூன்று சீசன் போலோனியா கிளப்பில் கோச்சாக இருந்தார்: 14, 15, 15ஆம் இடம். அந்த அணியின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு காபி ஆறாமல் குடித்துவிடலாம், அவ்வளவு நிதானம். "இது டொனடோனி ஆட்டம்" என்று கண்ணை மூடிச் சொல்லும்படி ஒரு பாணி அவரிடம் உருவாகவில்லை. சாக்கியிடம் கற்றவர் சாக்கி ஆகவில்லை. இதில் உங்கள் பக்கம்தான் நானும்.

அப்புறம், ஒரு வேலை செய்யுங்கள். 1994 சாம்பியன்ஸ் லீக் இறுதி, ஏதென்ஸ், மிலன் 4, பார்சிலோனா 0. யூடியூபில் இருக்கிறது. முதல் பாதி முடியப்போகும் நேரத்தில் இரண்டாவது கோல். டொனடோனி இடது ஓரமாகப் பந்தை எண்ட் லைன் வரை கொண்டுபோய்ப் பின்னால் தள்ளுவார், மஸ்ஸாரோ அடிப்பார். ஹைலைட்ஸில் பார்க்காதீர்கள், முழு ஆட்டமாகப் பாருங்கள். பந்து பார்சிலோனாவிடம் இருக்கும் நேரங்களில் இடது ஓரத்தில் ஓடி வருகிறவரை மட்டும் கவனித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.