பிள்ளையிடம் போலீஸ் எப்படிக் கேட்க வேண்டும்?

கேள்வி: என் அக்கா மகளுக்கு 7 வயது. தெரிந்த ஆள் ஒருவர் மீது போக்சோ புகார் கொடுத்திருக்கிறோம். மகளிர் ஸ்டேஷனிலிருந்து விசாரிக்க வரப்போகிறார்கள். பிள்ளை திணறிவிடக் கூடாதே என்று, என்ன சொல்ல வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுத்து வைக்கலாமா? இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் பேச போலீஸுக்குப் பயிற்சி உண்டா?
- பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்

பதில்: சொல்லிக்கொடுக்கவே வேண்டாம் சகோதரி. நாளைக்குக் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது "வீட்டில் சொல்லிக்கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறார்கள்" என்பதைத்தான். "போலீஸ் அக்கா வருவாங்க, நடந்ததை உனக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்லு, நாங்க கூடவே இருப்போம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

2012-ம் வருட போக்சோ சட்டம் உங்கள் பக்கம் நிறையக் கொடுத்திருக்கிறது. வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும், கூடியவரை பெண் எஸ்.ஐ. அல்லது அதற்கு மேற்பட்டவர் வர வேண்டும், யூனிஃபார்மில் வரக் கூடாது, பிள்ளை நம்பும் ஒருவர் கூட இருக்க வேண்டும், இரவில் எந்தக் காரணத்துக்காகவும் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. யாராவது காக்கியில் வந்து நின்றால் தயங்காமல் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

பயிற்சி உண்டு. போலீஸுக்கு அவ்வப்போது பயிற்சி தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 43-வது பிரிவு சொல்கிறது. நல்ல பயிற்சி பெற்றவர் வந்த உடனே சம்பவத்துக்குப் போக மாட்டார். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாம், நான் தப்பா சொன்னா திருத்தணும், சரியா?" என்பார். அதைச் சோதிக்க, 7 வயதுப் பிள்ளையிடம் "உனக்கு 2 வயசுதானே?" என்று கேட்டுப் பார்ப்பார். பிள்ளை "இல்லை, 7" என்று சொன்னால், பெரியவர்களையும் திருத்தலாம் என்பது அதற்குப் புரிந்துவிட்டது. அப்புறம் பள்ளிக்கூடம், பிறந்தநாள் என்று ஏதாவது ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை சொல்லவைப்பார். விஷயத்துக்கு வந்த பிறகும் "அவர் உன்னை அங்கே தொட்டாரா?" என்று தொடங்க மாட்டார், "என்ன நடந்தது, சொல்லு", "அப்புறம்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அந்த மௌனத்தில் நீங்கள் குறுக்கே பேசிவிடாதீர்கள், பிள்ளை யோசித்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: போக்சோ பயிற்சி வகுப்புக்கு ஒருமுறை போய் வந்தாயிற்று. மறுபடி மறுபடி கூப்பிடுகிறார்களே, அவசியமா?
- ஒரு பெண் எஸ்.ஐ., விழுப்புரம்

பதில்: அவசியம் மேடம். மேலே சொன்ன கேள்வி முறையை அமெரிக்காவில் உருவாக்கியவர்களில் ஒருவரான உளவியலாளர் மைக்கேல் லாம்பும் அவருடைய சகாக்களும் இதையே ஆராய்ந்தார்கள். விசாரணைகளைப் பார்த்துத் தொடர்ந்து கருத்துச் சொல்லி வந்தவரை அதிகாரிகள் நன்றாகக் கேட்டார்கள், அதை நிறுத்தியதும் தரம் சரிந்தது. வகுப்பில் கேட்டுக்கொண்டதெல்லாம், எதிரில் அழுகிற பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது, மேலதிகாரி போனில் அவசரப்படுத்தும்போது, மறந்துபோகும்.

பதிலைத் தூண்டிக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு கலிஃபோர்னியாவின் மக்மார்டின் வழக்கு இருக்கிறது. 1983-ல் ஒரு பாலர் பள்ளி மீது வந்த புகாரில், "மற்ற பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள், நீயும் சொல்லு" என்கிற பாணியில் கேட்டார்கள். 1990-ல் ஒருவர்கூடத் தண்டிக்கப்படாமல் வழக்கு முடிந்தது. உண்மையில் என்ன நடந்தது என்பதைப் பிரித்தெடுக்கவே வழியில்லாமல் போனது.

நீங்கள் பதிவு செய்த ஒரு விசாரணையை, சக அதிகாரி ஒருவரோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள், பதிலை நீங்களே பிள்ளையின் வாயில் வைத்த கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வகுப்புக்கு அந்தக் குறிப்போடு போங்கள்.