பரம்பிக்குளம் டிராம்வே – கடிதம்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூர் ஈசூனில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறேன். மகள் திருமணமாகிப் போனபிறகு ஓர் அறை காலியாக இருக்கிறது. கேரளத்தில் பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிக்கு மரம் இறக்கிய பழைய டிராம்வேயை மாதிரி ரயிலாகக் கட்ட ஆசை. 2 மீட்டருக்கு 60 சென்டிமீட்டர் பலகை போட இடமுண்டு. 1:160 அளவில் செய்தால் முழுப் பாதையையும் வட்டமாகச் சுற்றிவிடலாம் என்கிறார் நண்பர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கே., ஈசூன்

அன்புள்ள கே.,

முழுப் பாதை வேண்டாம். ஒரே ஒரு சரிவைக் கட்டுங்கள்.

கொச்சி சமஸ்தானம் 1907இல் ஓடவிட்ட அந்தப் பாதை கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர். 1:160இல் சுருக்கினாலும் அரை கிலோமீட்டர் வரும். எப்படியும் பெரும்பகுதியை விடத்தான் வேண்டும். அப்படியானால், அந்த ரயிலின் சிறப்பை வைத்துக்கொள்வோம். மலை செங்குத்தாக இறங்கும் இடங்களில் நீராவி இஞ்சினுக்கு வேலையே இல்லை. உச்சியில் ஓர் உருளை, அதன்மேல் இரும்புக் கயிறு, ஒரு முனையில் தேக்கு ஏற்றிய வண்டி, மறுமுனையில் காலி வண்டி. பாரவண்டி இறங்க இறங்க காலி வண்டி மேலேறி வரும். நடுவழியில் இரண்டும் ஒன்றையொன்று கடக்கும். பிரேக்கைப் பிடித்து நிற்பவர் கையில்தான் எல்லாம் இருக்கிறது. கரி, விறகு எதுவும் எரியாமல், வெட்டிய மரத்தின் கனமே அடுத்த வண்டியை மேலே கொண்டுவந்தது! அந்தப் பாதையில் என்னை மலைக்கவைப்பது இதுதான். வட்டமாக ஓடும் ரயிலில் இது தெரியவே தெரியாது.

அளவு 1:87 இருக்கட்டும். நீளம் 87 மடங்கு குறைந்தால் எடை 87-இன் கனமடங்கு குறையும். 10 டன் வண்டி வெறும் 15 கிராம் ஆகிவிடும். 1:160இல் இரண்டரை கிராம்கூட இல்லை. உருளையின் உராய்வோ அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. அதனால் அசல் மாதிரி தன் கனத்திலேயே இறங்கும் என்று காத்திருக்காதீர்கள். பலகைக்கு அடியில் மெதுவாகச் சுழலும் கியர் மோட்டார் ஒன்றை வைத்து உருளையைச் சுற்றுங்கள். கயிற்றுக்குக் கறுப்பு பாலியெஸ்டர் நூல் போதும். தேன்மெழுகை ஒருமுறை இழுத்துவிட்டால் பிசிறு படிந்துவிடும். பருத்தி நூல் வேண்டாம், நம் ஊர் ஈரப்பதத்தில் அதன் நீளம் மாறிக்கொண்டே இருக்கும்.

மரத்தடிகளுக்குக் கடைக்குப் போகவேண்டாம். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள தேக்குத்தடி உங்கள் பலகையில் 7 மில்லிமீட்டர். வீட்டு வாசலில் கறிவேப்பிலைச் செடி இருந்தால் அந்தக் கனத்தில் கொம்பு கிடைக்கும். நன்றாகக் காயவையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை வந்துவிடும். பட்டையில் இருக்கும் வெளிறிய புள்ளிகளை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, சாம்பல் கலந்த தவிட்டு நிறம் பூசுங்கள். வெட்டுமுகத்தில் மட்டும் பொன்மஞ்சள்.

தண்டவாளம் 12 மில்லிமீட்டர் அகலப் பாதையாக வாங்குங்கள். அசல் டிராம்வே மீட்டர் கேஜ் பாதை, அதாவது இரு தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர். இங்கே 2011 வரை தஞ்சோங் பகாருக்கு வந்துபோன மலாயா ரயிலும் அதே அகலம்தான். புக்கிட் தீமா நிலையத்தில் கொஞ்சம் தண்டவாளத்தை விட்டுவைத்திருக்கிறார்கள். போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்து கட்டைகளின் இடைவெளியையும் துருவின் நிறத்தையும் பாருங்கள். ஆனால் உங்கள் பாதையில் வண்டி ஓடுகிறது, அதனால் தண்டவாளத்தின் மேல்முகம் மட்டும் பளபளக்க வேண்டும்.

அப்புறம் காடு. இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். மரம் வெட்டும் ரயில் மாதிரிகளில் இருபுறமும் பச்சைப்பசேல் என்று காடு நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. அந்த மரங்களைக் கொண்டுபோகத்தான் பாதையே போட்டார்கள். சரிவின் உச்சியில் அடிக்கட்டைகளை நிறுத்துங்கள், நிறையவே நிறுத்துங்கள். யானை இழுத்த தடி மண்ணில் போட்ட தடமும் வேண்டும்.

வெட்டாமல் விட்ட மரம் ஒன்றும் இருக்கட்டும். பரம்பிக்குளத்தில் கன்னிமாரா தேக்கு என்ற பழைய பெருமரம் இன்றைக்கும் நிற்கிறது, ஏறக்குறைய 40 மீட்டர் உயரம். மாதிரி கட்டுபவர்கள் இடத்துக்காக மரங்களைக் குட்டையாக்கிவிடுவார்கள். நீங்கள் இந்த ஒரு மரத்தையாவது அதன் அளவிலேயே, ஏறத்தாழ அரை மீட்டர் உயரத்துக்குச் செய்யுங்கள். பலகைக்கு மேலே அலமாரி ஏதும் வருகிறதென்றால் இப்போதே இடத்தை மாற்றிவிடுங்கள்.