கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைத்தபின் வாய் வறண்டால்: பல் டாக்டரிடம் சில கேள்விகள்

அப்பாவுக்குக் கன்னத்தில் புற்றுநோய். கரண்ட் வைத்து முடிந்து நாலு மாசம். இட்லிகூட இறங்க மாட்டேங்குது. எச்சில் திரும்ப ஊறுமா டாக்டர்?

ஓரளவு ஊறும் தம்பி, ஆனால் மெதுவாக. காதுக்கு முன்னால், தாடைக்கு அடியில், நாக்குக்குக் கீழே என்று மூன்று ஜோடிப் பெரிய சுரப்பிகள் இருக்கின்றன. கதிர் பட்டால் தண்ணியாக ஊற வைக்கும் செல்கள்தான் முதலில் போகும். மிஞ்சுவது நூல் நூலாக இழுக்கும் கோழை எச்சில். காதோரச் சுரப்பிக்குப் போன சராசரிக் கதிர் அளவு 26 கிரேக்குள் (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு) இருந்தால் ஒன்றிரண்டு வருஷத்தில் நல்ல அளவு தேறும். கரண்ட் வைத்த டாக்டரிடம் அந்தக் கணக்கு இருக்கும், கேளுங்கள். அதுவரை இட்லியைக் காரமில்லாத சாம்பாரில் ஊறவிட்டுக் கொடுங்கள்.

எனக்குக் கீமோ மட்டும்தான். இதே கதைதானா?

இல்லை. மருந்து நின்ற சில வாரங்களில், கூடிப்போனால் சில மாதங்களில் பெரும்பாலும் சரியாகும். நாக்கில் வெள்ளைப் படலம் தெரிந்தால் மட்டும் காட்டுங்கள், பூஞ்சையாக இருக்கலாம்.

வாய் காயாமலிருக்க நாள் முழுக்க எலுமிச்சை மிட்டாய் வாயில் போட்டிருக்கேன் டாக்டர். தப்பா?

தப்புதாம்மா. எனக்குக் கோபம் வருகிற ஒரே விஷயம் இதுதான். புளிப்பைக் கழுவிவிட எச்சில் இல்லாத வாயில் சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்தால், ஈறை ஒட்டிப் பல்லைச் சுற்றிப் பழுப்பு வளையம் விழும். ஒருநாள் முறுக்கைக் கடிக்கும்போது பல் அடியோடு முறியும், வேர் மட்டும் உள்ளே நிற்கும். மிட்டாயை விட்டுவிட்டு, சைலிட்டால் போட்ட சர்க்கரையில்லாச் சூயிங்கம் மெல்லுங்கள். 5000 பிபிஎம் ஃப்ளூரைடு பேஸ்ட் எழுதித் தரச் சொல்லுங்கள். இரவு தேய்த்துத் துப்புங்கள், ஆனால் வாய் கொப்பளிக்காதீர்கள். பகலில் கொப்பளிக்க ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் ஸ்பூன் சமையல் சோடா போதும்.

எச்சில் ஊற வைக்கும் பைலோகார்பின் மாத்திரை கேட்குமா?

சுரப்பியில் கொஞ்சமாவது உயிர் இருந்தால் கேட்கும். வழக்கமாக 5 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை. வேர்த்துக் கொட்டும். கட்டுக்குள் வராத ஆஸ்துமா, சில வகைக் கண் அழுத்த நோய் இருப்பவர்களுக்கு ஆகாது. டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

ஆறு வருஷம் முன்னால் தாடையில் கரண்ட் வைத்தது. இப்போ ஒரு கடைவாய்ப் பல் ஆடுது. பக்கத்துத் தெரு டாக்டரிடம் பிடுங்கிக்கலாமா?

கரண்ட் வைத்ததைச் சொல்லாமல் பிடுங்கவே கூடாது. அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். பல் எடுத்த குழி ஆறாமல் எலும்பு வெளியே தெரிய ஆரம்பிக்கலாம், எத்தனை வருஷம் ஆனாலும் அந்த ஆபத்து போகாது. பழைய சிகிச்சை ஃபைலை எடுத்துக்கொண்டு போய், பல் டாக்டரையும் கரண்ட் வைத்த டாக்டரையும் பேசவிட்டு, பிறகு முடிவெடுங்கள்.